எலெக்ட்ரான் கற்றையால் நானோ துகளுக்குள் ஒளியைப் பார்ப்பது: அந்த முப்பரிமாணப் படத்தை எவ்வளவு நம்பலாம்?

நொய்யல்கரை | கோவை | ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கங்க. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 11 வருடமாக எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஓட்டுகிறேன். போன வாரம் ஒரு மாணவி பிறை வடிவத் தங்க நானோ துகள் இருக்கும் ஆய்வு மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தாள். படம் எடுத்துக் கொடுத்தேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அக்கா, வடிவம் தெரியுது. இது எந்த இடத்துல ஒளியைப் பிடிச்சு வச்சிருக்குன்னு தெரியுமா?" என்றாள். எங்கள் கருவியில் அதற்கு வசதி இல்லை. ஆனால் அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அதுவும் முப்பரிமாணத்தில். அவளுக்காக எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டது. நம் பக்கத்துப் பிள்ளைகள் வேறு யாருக்காவது உதவும் என்று இங்கே போடுகிறேன்.

முதலில், சாதாரண நுண்ணோக்கியில் ஏன் முடியாது? திருப்பூரில் துணி மேல் பிக் கிளாஸ் வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுகிறோம். கண்ணாடியின் சக்தியைக் கூட்டக் கூட்ட இழைக்குள் இருக்கும் பஞ்சு நார் வரை தெரியும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே எந்த லென்சும் பிரித்துக் காட்டாது. 1873-இல் ஏர்ன்ஸ்ட் அபே சொன்னது இது. பச்சை ஒளி 550 நானோமீட்டர் என்றால் 200, 250-க்குக் கீழே எல்லாம் ஒரே மங்கல்தான். நாம் பார்க்க வேண்டிய துகளே மொத்தம் 200 நானோமீட்டர். அதற்குள் எந்த மூலை ஒளிர்கிறது என்று ஒளியிடமே கேட்டால் பதில் வராது.

30,000 வோல்ட்டில் முடுக்கிய எலெக்ட்ரானின் அலைநீளம் 0.007 நானோமீட்டர். கற்றையைச் சில நானோமீட்டர் புள்ளியாகக் குவித்துவிடலாம். ஆனால் எலெக்ட்ரானுக்கு நிறம் தெரியாது. எங்கள் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். அப்புறம் ஒளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அதன் பின்புறத்துத் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான், கண்ணாடியின் உள்பக்கம் பூசிய பாஸ்பர் என்ற ஒளிர்பொருளில் மோதும்போதுதான் படம் ஒளிர்ந்தது. எலெக்ட்ரான் பட்டு ஒரு பொருள் ஒளிர்வதற்குப் பெயர் கேத்தோடோலூமினசென்ஸ். 1879-இலேயே வில்லியம் குரூக்ஸ் வெற்றிடக் குழாயில் மாணிக்கத்தை வைத்து, அது தணலாகச் சிவந்து ஒளிர்வதைக் காட்டியிருக்கிறார்.

தங்கம் பாஸ்பர் இல்லை. ஆனால் அதற்குள் கட்டில்லாமல் திரியும் எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போது ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர் அலம்புமே, அதுபோல வெளியிலிருந்து ஓர் எலெக்ட்ரான் விர்ரென்று கடந்து போனால் உள்ளே இருப்பவை அலம்புகின்றன. அந்த அலம்பல்தான் பிளாஸ்மான். குடத்தின் வடிவம்தான் அலம்பும் தாளத்தைத் தீர்மானிக்கிறது. அகன்ற அண்டாவில் ஒரு தாளம், குறுகிய செம்பில் இன்னொன்று. துகளிலும் அப்படியே. அந்தத் தாளத்துக்கு ஏற்ற நிறத்தில் ஒளி வெளியே வருகிறது.

அந்த ஒளியைப் பிடிக்க, மாதிரிக்கு மேலே ஒரு பரவளையக் கண்ணாடி. அதன் நடுவே சின்னத் துளை. துளை வழியாகக் கற்றை இறங்கும், மாதிரியிலிருந்து கிளம்பும் ஒளியைக் கண்ணாடி அள்ளி, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்பும். கற்றையை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தினால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முழு நிறமாலை கிடைக்கும்.

இது தட்டையான வரைபடம்தான். 2015-இல் ஸ்டான்போர்டில் ஜெனிபர் டியோனின் குழுவும் ஆம்ஸ்டர்டாமில் ஆல்பர்ட் போல்மனின் குழுவும் சேர்ந்து அடுத்த படி ஏறினார்கள். உலோகமும் மின்கடத்தாப் பொருளும் சேர்ந்த பிறை வடிவத் துகளை வெவ்வேறு சாய்வுகளில் வைத்துத் தட்டை வரைபடங்களை எடுத்து, அவற்றிலிருந்து ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முப்பரிமாண உருவத்தைக் கணக்கிட்டார்கள். எந்த நிறம் துகளின் எந்த ஆழத்திலிருந்து கிளம்புகிறது என்று அதில் பார்க்கலாம். முதல் தடவை அதைப் படித்தபோது வெகுநேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

---

வார்ப்படம் | கணபதி | ஞாயிறு, இரவு 10:05

அம்மணி, நல்லா எழுதியிருக்கீங்க. நான் பவுண்டரியில் தரம் பார்க்கிறவன். பம்ப் கேசிங்குக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது எங்களுக்கும் இதே பாடுதான். வார்ப்புக்கு உள்ளே புளோ ஹோல், அதாவது காற்று அடைத்த ஓட்டை, இருந்தால் பிலிமில் கறுப்பாக ஒரு புள்ளி விழும். ஆனால் அது தோலுக்குப் பக்கத்திலா, சுவருக்கு நடுவிலா என்று அந்த ஒரு பிலிம் சொல்லாது. காஸ்டிங்கைக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி எடுப்போம். புள்ளி எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று பார்த்தால் ஆழம் பிடிபட்டுவிடும். நீங்கள் சொல்வதும் அந்தக் கணக்குத்தானா?

---

நொய்யல்கரை | கோவை | ஞாயிறு, இரவு 10:31

அதேதாங்க அண்ணா. நீங்கள் இரண்டு கோணத்தில் செய்வதைப் பத்து, ஐம்பது கோணத்தில் செய்தால் டோமோகிராபி. எல்லாக் கோணத்திலும் நிழல் கிடைத்தால் உள்ளே இருப்பதை முழுசாகத் திரும்பக் கட்டலாம் என்று 1917-இல் யோஹான் ராடோன் கணிதத்தில் நிறுவினார். சி.டி. ஸ்கேனும் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. அதற்காக ஹவுன்ஸ்பீல்டுக்கும் கோர்மாக்குக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்ப இழுத்துப் பூச வேண்டும். பல திசைப் பூச்சுகள் எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கனக்கின்றனவோ அங்கே பொருள் இருக்கிறது. பூச்சு வழிந்து மங்குவதைச் சரிசெய்ய ஒரு வடிகட்டியும் போடுவார்கள். 2015-இல் அவர்கள் செய்தது இந்த வடிகட்டிய பின்வீச்சு முறைதான்.

---

பவானிக்கூடல் | ஈரோடு | திங்கள், காலை 7:48

அக்கா, நான் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம். உங்கள் பதிவு பிடித்திருக்கிறது. ஆனால் கடைசிப் படியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, மன்னிக்கணும்.

வார்ப்படம் ஐயா எடுக்கும் எக்ஸ்ரேயில் பாதையில் இருக்கும் இரும்பு எல்லாம் வெறுமனே கூடுகிறது. 10 மில்லியும் 5 மில்லியும் சேர்ந்தால் 15 மில்லி. ராடோன் கணக்குக்கு அந்தக் கூட்டல்தான் அஸ்திவாரம். பிளாஸ்மான் அப்படிக் கூடுமா? அது அலை. மேலே ஓர் உதையும் கீழே ஓர் உதையும் சேர்ந்தால் இரண்டு மடங்கும் ஆகலாம், சுழியும் ஆகலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30,000 வோல்ட் எலெக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தில் 0.33 பங்கு. 200 நானோமீட்டர் துகளைக் கடக்க அதற்கு 2 பெம்டோநொடி ஆகிறது (ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு பெம்டோநொடி). 600 நானோமீட்டர் ஒளி ஒரு தடவை ஆடி முடிக்கவும் அதே 2 பெம்டோநொடிதான். எலெக்ட்ரான் மேலிருந்து கீழே போவதற்குள் அலம்பலின் மின்புலம் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறது. பாதி வழியில் தள்ளியது மீதிப் பாதியில் இழுக்கும். இதை நிழல் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

---

ஆனைமலை_அடிவாரம் | பொள்ளாச்சி | திங்கள், மதியம் 1:20

நான் ஸ்கேன் மையத்தில் டெக்னீசியன். தம்பி கேட்டது சரியான கேள்வி. எங்கள் பக்கத்திலிருந்து இன்னொன்றையும் சேர்க்கிறேன். சி.டி.யில் கதிர் வெளியிலிருந்து உள்ளே போய்த் தேய்ந்து வருகிறது. ஸ்பெக்ட் ஸ்கேனில் நோயாளிக்கு ஊசி போட்ட மருந்து உள்ளேயிருந்து கதிரை வெளியே விடும். வெளியே வரும் வழியில் உடம்பே அதில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஆழத்தில் இருப்பது உள்ளதைவிட மங்கலாகத் தெரியும். உங்கள் துகளிலும் ஒளி உள்ளேயிருந்துதானே வருகிறது? தங்கம் அதை விழுங்காதா?

---

நொய்யல்கரை | கோவை | திங்கள், இரவு 9:40

இரண்டு பேரும் கேட்டதற்குப் பகலெல்லாம் யோசித்தேன். தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு? இந்தத் துறையின் நடுநெஞ்சே நீ கேட்டதுதான்.

எலெக்ட்ரான் பட்டு வரும் ஒளி இரண்டு வகை. ஒன்று, பொருளே ஒளிர்வது. பாஸ்பர், மாணிக்கம், எல்.இ.டி.க்கான காலியம் நைட்ரைடு எல்லாம் இந்த வகை. இங்கே ஒவ்வோர் இடமும் தனித்தனியாக ஒளிர்கிறது, ஒன்றின் அலைக்கும் இன்னொன்றின் அலைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே வெறும் கூட்டல்தான். ராடோன் கணக்கு நிற்கும். இரண்டாவது, பிளாஸ்மானைப் போலத் துகள் முழுவதும் சேர்ந்து ஆடுவது. இதில் நீ சொன்ன தகராறு முழுசாக உண்டு. 2015 ஆய்விலேயே இந்த இரண்டு வகை ஒளியும் கலந்துதான் வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்று இதைப் பிரித்துச் சொல்லாதது என் பிழை.

எலெக்ட்ரான் வழியில் எவ்வளவு ஆற்றலை இழந்தது என்று மறுபக்கம் அளப்பது இன்னொரு முறை. 2013-இல் கேம்பிரிட்ஜில் பால் மிட்க்லியின் குழு ஒரு வெள்ளிக் கனசதுரத் துகளை இப்படிப் பார்த்து, மூலைகளிலும் முகங்களிலும் எந்தெந்த ஆற்றலில் அலம்பல் உட்கார்ந்திருக்கிறது என்று முப்பரிமாணத்தில் காட்டியது. அங்கே எலெக்ட்ரான் இன்னும் வேகம், துகளும் சின்னது. அதனால் நீ சொன்ன தள்ளல் இழுப்பு வேறுபாடு, அதாவது அலையின் கட்ட மாறுபாடு, குறையும், ஆனால் இல்லாமல் போகாது. ஒளியாக வெளியே வராத அலம்பல்களும் அந்த முறையில் பிடிபடும் என்பதை மறந்துவிடக் கூடாது. கண்ணாடி வைத்து ஒளியை அள்ளும் முறைக்கு அவை தெரியவே தெரியாது.

அதே 2013-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் ஹோர்ல், ட்ரூக்லர், ஹோஹனெஸ்டர் மூவரும் வேறு வழி சொன்னார்கள். திரும்ப இழுத்துப் பூசுவதை விட்டுவிடு. துகளின் வடிவம் தெரிந்தால் அது எந்தெந்த விதமாக அலம்ப முடியும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். அளந்ததெல்லாம் அந்த அலம்பல்களில் எது எவ்வளவு கலந்தால் வரும் என்று பொருத்திப் பார். அலையின் கட்டம் அந்தக் கணக்குக்குள்ளேயே வந்துவிடும். 2021-இல் கிராட்ஸும் பிரான்சின் ஓர்சேயும் சேர்ந்து மெக்னீசியம் ஆக்சைடு கனசதுரத்தில் புலத்தின் திசையைக்கூட, அம்புக்குறி போட்டுக் காட்டும் அளவுக்கு, மீட்டெடுத்தார்கள். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், படிக அணுக்களே ஆடும் ஆட்டம்.

பொள்ளாச்சி அண்ணா கேட்டது: ஆமாங்க, தங்கம் விழுங்கும். எந்தத் திசையில் ஒளி போகிறது என்பதும் மாறும், கண்ணாடிக்குப் படாமல் போகிற பங்கும் உண்டு. ஸ்பெக்ட்டில் நீங்கள் போடும் திருத்தம் மாதிரி இங்கேயும் போட்டாக வேண்டும். தடித்த மாதிரியில் எலெக்ட்ரானே நேர்கோட்டில் போகாமல் சிதறிவிடும். அந்த நிலையில் எந்தக் கணக்கும் நிற்காது. மாதிரி மெல்லியதாக இருப்பது கட்டாயம்.

---

காங்கயம்_கல் | காங்கயம் | செவ்வாய், காலை 10:15

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கல் பட்டை தீட்டுகிறோம். குரூக்ஸ் மாணிக்கம் என்று சொன்னதால் கேட்கிறேன். எங்கள் பக்கத்துச் சந்திரகாந்தக் கல்லையோ ஸ்படிகத்தையோ அந்தக் கற்றையில் வைத்தால் என்ன தெரியும்? கொடுமணல் அகழாய்வில் பாதி வேலையோடு கிடைத்த கல்மணிகளைப் பார்த்ததிலிருந்து, ஒரு கல் எங்கே எப்படி விளைந்தது என்று கல்லே சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஓர் ஏக்கம்.

---

நொய்யல்கரை | கோவை | செவ்வாய், மதியம் 12:50

கல்லுக்குத்தாங்க இந்த வித்தை நெடுநாளாகப் பயன்படுகிறது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் பளிங்கு மாதிரி ஒரே சீராக இருக்கும் ஸ்படிகம், எலெக்ட்ரான் பட்டால் மரத்தை அறுத்த குறுக்குவெட்டு மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். விளைந்தபோது ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே சேர்ந்த அந்நிய அணுவின் அளவு மாறியிருக்கும், அதற்கேற்ப ஒளிர்வும் மாறும். பழைய விரிசல் பின்னால் ஆறி மூடியதுகூடத் தழும்பு போலத் தெரியும். புவியியல்காரர்கள் மணல் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று தேட இதைப் பார்க்கிறார்கள். மாணிக்கத்தில் சிவப்புக் கொடுப்பது குரோமியம், 694 நானோமீட்டரில். இவையெல்லாம் நான் சொன்ன முதல் வகை ஒளி. தம்பியின் சந்தேகம் இங்கே வராது.

---

மஞ்சக்காடு | சிவகிரி | செவ்வாய், மாலை 6:02

எங்கள் மஞ்சள் தூளைப் புற ஊதா விளக்கில் காட்டினால் ஒளிர்கிறது. இதில் வைத்து உள்ளே எங்கே குர்குமின் இருக்கிறது என்று பார்க்க முடியுங்களா?

---

நொய்யல்கரை | கோவை | செவ்வாய், இரவு 8:30

மஞ்சளுக்கு இது வேண்டாங்க. குர்குமின் கரிம மூலக்கூறு. கற்றை பட்டதும் பிணைப்புகள் உடைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒளிர்வு செத்துவிடும். உங்கள் புற ஊதா விளக்கும் ஒளிர்வு நுண்ணோக்கியும்தான் அதற்குச் சரி.

கெடுவது மஞ்சள் மட்டுமில்லை. ஓர் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினால், சற்று முன் கற்றை நின்ற இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு சதுரம் படிந்திருக்கும். மாதிரி மேலோ அறைக்குள்ளோ ஒட்டியிருந்த எண்ணெய்ப் பசை கற்றை பட்டுக் கரியாக இறுகியது அது. கையுறை இல்லாமல் மாதிரித் தட்டைத் தொட்டால் போதும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவனின் ஒரே மாதிரியை இப்படிக் கெடுத்திருக்கிறேன். அவன் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போன முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

முப்பரிமாணத்துக்கு வரும்போது இது பெரிய விசயம். ஒரு புள்ளிக்கு ஒரு நொடி என்று வைத்தாலும் 50-க்கு 50 புள்ளி என்றால் 2,500 நொடி, 40 நிமிடத்துக்கு மேல். அது ஒரு சாய்வுக்கு. பத்துச் சாய்வு முடிவதற்குள் துகள் மேல் கரி ஏறிவிட்டால் முதல் படத்தில் இருந்த துகளும் கடைசிப் படத்தில் இருக்கும் துகளும் ஒன்றே இல்லை. கணக்கோ இரண்டும் ஒன்று என்று நம்பிக்கொண்டு ஓடும். அதனால் கடைசிச் சாய்வு முடிந்ததும் முதல் சாய்வுக்கே திரும்பி வந்து ஒரு படம் எடுத்து ஒப்பிட வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது.

---

பவானிக்கூடல் | ஈரோடு | வியாழன், இரவு 11:17

இரண்டு நாளாக மடிக்கணினியில் ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினேன். முடிவுகளைச் சொல்கிறேன்.

முதலில் வெறும் கூட்டல். ஒரு வட்டத்தை 180 டிகிரியும் திருப்பி நிழல் எடுத்துத் திரும்பக் கட்டினால் வட்டமே வந்தது. ஆனால் கருவிக்குள் மாதிரியை அவ்வளவு சாய்க்க முடியாதே என்று இந்தப் பக்கம் 70, அந்தப் பக்கம் 70 டிகிரியோடு நிறுத்தினேன். வட்டம் கற்றையின் திசையில் நீண்டு முட்டை மாதிரி ஆகிவிட்டது.

அடுத்து அலை. புலம் எப்போதும் எலெக்ட்ரான் போகும் திசையிலேயே, வட்டம் முழுதும் ஒரே சீராக இருப்பதாக எளிமைப்படுத்திக்கொண்டேன். 200 நானோமீட்டர் வட்டம், 600 நானோமீட்டர் ஒளி, 30,000 வோல்ட். நடு வழியாகப் போகும் எலெக்ட்ரானுக்குத் தள்ளலும் இழுப்பும் கழிந்து ஏறக்குறைய சுழி. ஓரமாகப் போவதற்குப் பாதை குறைவு, அதனால் அங்கே சமிக்ஞை உண்டு. இதைத் திரும்பக் கட்டினால், நிரம்பியிருந்த வட்டம் நடுவில் ஓட்டையோடு வளையமாக வந்தது! இல்லாத ஓட்டை. வட்டத்தை 20 நானோமீட்டராகச் சுருக்கி, ஒளியின் அளவு அலையின் வர்க்கமாகப் போவதால் அளவின் வர்க்கமூலத்தை எடுத்து ஓட்டினால் சரியாக வட்டம் வந்தது. 200-ஐயே வைத்து 300,000 வோல்ட் கொடுத்தேன். ஓட்டை போய்விட்டது, ஆனால் நடு வழியாகப் போகும் எலெக்ட்ரானின் சமிக்ஞை வெறும் கூட்டலில் வர வேண்டியதில் 72 சதவீதம்தான்.

அக்கா, இந்த ஓட்டையை யாராவது படமாகக் காட்டியிருந்தால் நான் நம்பியிருப்பேன். துகளுக்குள் ஒளி புகாத இடம் என்று விளக்கமும் எழுதியிருப்பேன்.

---

வார்ப்படம் | கணபதி | வெள்ளி, காலை 6:55

தம்பி, எங்கள் வேலையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காஸ்டிங்கை எக்ஸ்ரே எடுத்தாலும் கதிர் வரும் பக்கம் அதன் மேல் ஒரு பெனிட்ராமீட்டர் வைப்போம். கனம் தெரிந்த சின்னத் தகடு, அல்லது கம்பிகள். அது பிலிமில் தெளிவாக விழுந்தால்தான் அந்தப் பிலிமையே எடுத்துப் பார்ப்போம். விழவில்லை என்றால் காஸ்டிங் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் பிலிமைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுப்போம். உங்கள் துகளுக்குப் பக்கத்தில் அப்படித் தெரிந்த பொருள் ஒன்று வைக்க முடியாதா?

---

நொய்யல்கரை | கோவை | வெள்ளி, காலை 8:20

அண்ணா, இந்த இழையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி இதுதான். வைக்கலாம். கோள வடிவத் துகள் ஒளியோடு எப்படி ஆடும் என்பதற்கு 1908-இலேயே குஸ்டாவ் மீ முழு விடை எழுதிவிட்டார். எலெக்ட்ரான் கடந்து போகும்போது கோளம் என்ன செய்யும் என்பதையும் அதே வழியில் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். மாணவியின் மாதிரியிலேயே பிறை வடிவத் துகளுக்குப் பக்கத்தில் ஒரு தங்கக் கோளத்தையும் சேர்த்து வைக்கச் சொல்கிறேன். எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கட்டும். கோளம் மீ சொன்னபடி திரும்பக் கட்டப்பட்டால் பிறையின் படத்தைப் பார்ப்போம்.

தம்பி, உன் நிரலில் முதலில் கோளத்தைப் போடு. புலம் ஒரே சீர் என்ற எளிமையை எடுத்துவிட்டு மீயின் புலத்தையே உள்ளே கொடு. அந்த ஓட்டை என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

---

பவானிக்கூடல் | ஈரோடு | வெள்ளி, இரவு 9:03

ஆரம்பித்துவிட்டேன் அக்கா. வார்ப்படம் ஐயா, ஒன்று கேட்கணும். அந்தத் தகடு எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்வீர்கள்? என் கோளம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று அதை வைத்து யோசிக்கலாம் என்று பார்க்கிறேன்.

---

வார்ப்படம் | கணபதி | வெள்ளி, இரவு 9:26

பொதுவாகச் சுவர் கனத்தில் 2 சதவீதம், கண்ணு. எவ்வளவு சின்னக் குறையைப் பிடிக்க வேண்டும் என்று வாங்குபவர் கேட்கிறாரோ அதைப் பொறுத்துக் கூடும், குறையும். நீ முதலில் அந்தப் பிறையில் எவ்வளவு சின்னதைப் பார்க்கணும் என்று முடிவு பண்ணு, அப்புறம் கோளத்தை எடு.